வாய் திறக்க முடியாத வக்கீல்

பம்பாயில் சின்ன வழக்குகளை விசாரிக்கும் கோர்ட்டு அது.

நீதிபதி ஆசனத்தில் அமர்ந்திருந்தார். வாதியின் சாட்சி கூண்டில் ஏறினார். அவரைப் பிரதிவாதியின் வக்கீல் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்.

வக்கீல் எழுந்தார். அவருக்கு வயது 22. லண்டனுக்குப் போய்ப் படித்து வந்த பாரிஸ்டர். அதுதான் அவருடைய முதல் வழக்கு.

எழுந்து நின்றதும் அவருக்குத் தலை சுற்றியது. உடம்பு நடுங்கியது. கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் மறந்து போயின. வாயிலிருந்து ஒரு சொல் கூட வரவில்லை.

அப்படியே உட்கார்ந்து விட்டார்.

கட்சிக்காரரின் ஆளைக் கூப்பிட்டார். தன்னால் இந்த வழக்கை நடத்த முடியாது என்று சொன்னார். வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். வேறு வக்கீலை வைத்துக் கொள்ளும்படி கேட்டுக் கொண்டார். வெட்கத்தோடு கோர்ட்டை விட்டு வெளியேறினார். வழக்கில் யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்பதைக் கூட அவர் விசாரிக்கவில்லை.

இனி, தைரியம் வரும் வரையில் கோர்ட்டில் வாதாடுவதில்லை என்று முடிவு செய்து கொண்டார்.

அந்த வாய் திறக்க முடியாத வக்கீல் யார் தெரியுமா? மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி!

பிற்காலத்தில் அவர் பேசினால் கோடிக்கணக்கான மக்கள் கேட்டார்கள். பெரிய வெள்ளைக்கார அரசாங்கமே கலங்கியது. அப்படிப்பட்ட மனிதருக்கு வாய் திறந்தது எப்போது? யாருக்காகத் திறந்தது? அந்தக் கதையை இங்கே காண்போம்.

திவான் வீட்டுப் பிள்ளை

1869-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி போர்பந்தரில் காந்தி பிறந்தார். அது குஜராத்தி பேசும் மக்கள் வாழும் கடற்கரை ஊர். தந்தை கரம்சந்த் காந்தி, சமஸ்தானத்துத் திவான். தாயார் புத்லிபாய்.

காந்திக்கு 16 வயது நடக்கும் போது தந்தை இறந்து விட்டார். குடும்பத்தை மீண்டும் தூக்கி நிறுத்த வேண்டும். அதற்கு என்ன வழி?

லண்டனுக்கு அனுப்பிப் பாரிஸ்டர் ஆக்கி விடுங்கள் என்று குடும்ப நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். பாரிஸ்டர் பட்டத்துக்கு அந்தக் காலத்தில் அவ்வளவு மதிப்பு.

மகன் கெட்டுப் போய் விடுவானோ என்று தாயார் பயந்தார். மது, மாமிசம், பிற பெண்கள் ஆகிய மூன்றையும் தொடுவதில்லை என்று காந்தி சத்தியம் செய்து கொடுத்தார். அதன் பிறகே தாயார் சம்மதித்தார்.

கடல் கடந்து போகக் கூடாது என்று பம்பாயில் இருந்த சாதிப் பெரியவர்கள் தடுத்தார்கள். காந்தி கேட்கவில்லை. சாதியை விட்டுத் தள்ளி வைத்தார்கள். அப்போதும் அவர் கலங்கவில்லை. 1888-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி கப்பல் ஏறினார்.

விருந்து சாப்பிட்டுப் பெற்ற பட்டம்

லண்டனில் பாரிஸ்டர்களின் சங்கங்கள் நான்கு இருந்தன. அவற்றில் ஒன்று இன்னர் டெம்பிள். அதில் காந்தி சேர்ந்தார்.

பாரிஸ்டர் ஆவதற்கு இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும். ஒன்று, பரீட்சையில் தேற வேண்டும். மற்றொன்று வேடிக்கையானது. சங்கத்தில் நடக்கும் விருந்துகளில் குறிப்பிட்ட தடவை கலந்து கொள்ள வேண்டும்!

விருந்தில் நாலு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின் கொடுப்பார்கள். காந்தி குடிக்க மாட்டார். ஆகவே அவர் இருக்கும் மேஜையில் மூன்று பேருக்கு இரண்டு பாட்டில் கிடைக்கும். இதனால் அவரைத் தங்கள் மேஜைக்கு அழைத்துக் கொள்ள மாணவர்கள் போட்டி போட்டார்கள்!

பரீட்சைக்கு எளிதாகத் தேற வழிகள் இருந்தன. சுருக்கக் குறிப்புகளைப் படித்து விட்டுப் பலர் தேறினார்கள். காந்தி அப்படிச் செய்யவில்லை. பணம் செலவழித்து முழுப் புத்தகங்களை வாங்கினார். ரோமாபுரிச் சட்டத்தை லத்தீன் மொழியிலேயே படித்தார்.

1891-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி அவர் பாரிஸ்டர் ஆனார். 12-ந் தேதி ஊருக்குக் கப்பல் ஏறி விட்டார்.

பட்டம் கிடைத்தது. ஆனால் மனதில் பயம் இருந்தது. சட்டத்தைப் படித்தாரே தவிர, வக்கீல் தொழிலை அவர் படிக்கவில்லை. ஒரு பிராது எழுதக் கூட அவருக்குத் தெரியாது.

பம்பாயில் இறங்கியதும் அண்ணன் ஒரு துக்கச் செய்தியைச் சொன்னார். தாயார் இறந்து போயிருந்தார். படிப்பு கெடக் கூடாது என்று அதுவரை மறைத்து வைத்திருந்தார்கள்.

தூங்கி வழிந்த பாரிஸ்டர்

பம்பாயில் தொழில் தொடங்கினார். தினமும் ஐகோர்ட்டுக்கு நடந்தே போவார். அங்கே நடக்கும் வாதங்கள் பல அவருக்குப் புரியவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கி விடுவார். அப்படித் தூங்கும் வக்கீல்கள் வேறு சிலரும் இருந்ததைக் கண்டு அவர் ஆறுதல் அடைந்தாராம்!

வழக்குப் பிடித்துக் கொடுக்கத் தரகர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கமிஷன் கொடுக்க வேண்டும். பெரிய வக்கீல்களே கொடுக்கிறார்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். காந்தி மறுத்து விட்டார். அப்படியும் ஒரு வழக்கு கிடைத்தது. அது என்ன ஆயிற்று என்பதைத்தான் முதலில் பார்த்தோம்.

பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்கு மனுப் போட்டார். மாதச் சம்பளம் 75 ரூபாய். பி.ஏ. பட்டம் இல்லை என்று அந்த வேலையும் கிடைக்கவில்லை.

ஆறு மாதம் பார்த்தார். பம்பாயில் செலவு மட்டும் ஏறியது. வரவு இல்லை. மூட்டை கட்டிக் கொண்டு ராஜ்கோட்டுக்குத் திரும்பினார். அங்கே மனுக்கள் எழுதிக் கொடுத்து மாதம் 300 ரூபாய் வரை சம்பாதித்தார். பெரும்பாலும் அண்ணனுடைய செல்வாக்கினால் கிடைத்த வேலைகள் அவை. மனதுக்குத் திருப்தி இல்லை.

105 பவுன் சம்பளம்

அப்போது தென் ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது.

தாதா அப்துல்லா என்பவர் போர்பந்தரிலிருந்து போய் அங்கே பெரிய வியாபாரம் நடத்தி வந்தார். 40 ஆயிரம் பவுன் கேட்டு அவர் ஒரு வழக்குப் போட்டிருந்தார். பெரிய பெரிய வெள்ளைக்கார வக்கீல்கள் அவருக்கு இருந்தார்கள். ஆனால் கணக்குகளும் கடிதங்களும் குஜராத்தியில் இருந்தன. அவற்றைப் படித்து வக்கீல்களுக்கு விளக்கிச் சொல்ல ஓர் ஆள் தேவை.

ஒரு வருட வேலை. 105 பவுன் சம்பளம். கப்பலில் முதல் வகுப்பில் போய் வரச் செலவு. தங்கும் செலவும் கம்பெனியுடையது.

பாரிஸ்டருக்குரிய வேலை அல்ல அது. கம்பெனியின் சிப்பந்தி வேலை என்றே சொல்லலாம். ஜூனியர்களுக்கும் ஜூனியர்! ஆனாலும் காந்தி ஒப்புக் கொண்டார். 1893-ம் ஆண்டு மே மாதம் டர்பன் துறைமுகத்தில் போய் இறங்கினார்.

தலைப்பாகை

டர்பன், நேட்டால் என்ற வெள்ளைக்காரர் ஆட்சிப் பகுதியில் உள்ள நகரம். அங்கே இந்தியர்கள் யாராக இருந்தாலும் கூலி என்றே அழைத்தார்கள். காந்தியைக் கூலி பாரிஸ்டர் என்றார்கள்.

வந்த இரண்டு மூன்று நாட்களில் தாதா அப்துல்லா அவரைக் கோர்ட்டுக்கு அழைத்துச் சென்றார். காந்தி தலையில் தலைப்பாகை அணிந்திருந்தார். மாஜிஸ்திரேட்டு அவரையே உற்று உற்றுப் பார்த்தார். பிறகு தலைப்பாகையைக் கழற்றும்படி உத்தரவிட்டார்.

காந்தி கழற்றவில்லை. கோர்ட்டை விட்டு வெளியே வந்து விட்டார். நடந்ததைக் கண்டித்துப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார்.

பம்பாய்க் கோர்ட்டிலிருந்து பயந்து வெளியேறியவர் அவர். டர்பன் கோர்ட்டிலிருந்து மானத்தோடு வெளியேறினார்.

சில நாள் கழித்து வழக்குக்காகப் பிரிட்டோரியாவுக்குப் புறப்பட்டார். ரெயிலில் முதல் வகுப்பு டிக்கெட் வைத்திருந்தார். மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் அவரைச் சாமான்கள் வண்டிக்குப் போகச் சொன்னார்கள். மறுத்தார். போலீஸ்காரரைக் கொண்டு கீழே தள்ளினார்கள். கடுங் குளிரில் ஸ்டேஷனில் இரவைக் கழித்தார். ஊருக்குத் திரும்பி விடலாமா என்று யோசித்தார். ஒப்புக் கொண்ட வேலையை முடிக்காமல் ஓடுவது கோழைத்தனம் என்று தோன்றியது. மறு ரெயிலில் பயணத்தைத் தொடர்ந்தார்.

கணக்குப் புத்தகம்

பிரிட்டோரியா போய்ச் சேர்ந்தார். வழக்குக் கட்டைப் பிரித்தார். எல்லாம் கணக்கு! வரவு, பற்று, புரோநோட்டு. காந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. புரோநோட்டு என்றால் என்ன என்பதே அவருக்குத் தெரியாமல் இருந்தது.

அதற்காக அவர் வெட்கப்படவில்லை. கணக்கு எழுதும் முறை பற்றிய புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்தார். கம்பெனியின் பேரேடுகளை வரி வரியாகப் பார்த்தார். சில மாதங்களில் அந்த வழக்கைப் பற்றி அவரை விட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை என்ற நிலை வந்தது.

அப்போது அவர் ஓர் உண்மையைக் கண்டார். வழக்கில் முக்கால் பங்கு, நடந்தது என்ன என்பதுதான். நடந்ததைச் சரியாகத் தெரிந்து கொண்டால் சட்டம் தானாக உதவிக்கு வரும்.

இன்னோர் உண்மையையும் கண்டார். எதிர்க் கட்சிக்காரரான தயப் சேட், தாதா அப்துல்லாவுக்கு உறவினர். இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். வழக்கு நீடித்தால் வக்கீல்களுக்குத்தான் லாபம். இரண்டு பேரும் அழிந்து போவார்கள்.

இருவரிடமும் காந்தி போய்ப் பேசினார். மத்தியஸ்தரிடம் விடச் சம்மதிக்க வைத்தார். மத்தியஸ்தர் விசாரித்தார். தாதா அப்துல்லாவுக்கு வெற்றி! 37 ஆயிரம் பவுனும் வழக்குச் செலவும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

வேறு வக்கீலாக இருந்தால் அத்துடன் கட்டைக் கட்டியிருப்பார். காந்தி அப்படிச் செய்யவில்லை. அவ்வளவு பணத்தையும் ஒரே தடவையில் கொடுக்கத் தயப் சேட்டால் முடியாது. கேட்டால் மஞ்சள் கடுதாசி கொடுக்க வேண்டியதுதான். அங்கிருந்த போர்பந்தர் வியாபாரிகளோ, அதை விடச் சாவதே மேல் என்று நினைப்பவர்கள்.

காந்தி மறுபடியும் நடந்தார். தாதா அப்துல்லாவிடம் பேசினார். நீண்ட தவணையில், சிறு சிறு தொகையாக வாங்கிக் கொள்ளச் சம்மதிக்க வைத்தார். வழக்கை மத்தியஸ்தத்துக்கு விட வைத்ததை விட இதுதான் அவருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

ஜெயித்தவருக்குப் பணம் கிடைத்தது. தோற்றவருக்கு மானம் பிழைத்தது. இருவருக்கும் ஊரில் மதிப்பு உயர்ந்தது. பிளந்த உறவை ஒட்ட வைப்பதே வக்கீலின் உண்மையான வேலை என்று காந்தி தெரிந்து கொண்டார். பிறகு அவர் வக்கீலாக இருந்த காலத்தில் நூற்றுக்கணக்கான வழக்குகளைச் சமாதானமாகவே முடித்தார்.

விருந்தில் கண்ட செய்தி

வேலை முடிந்தது. 1894-ல் டர்பனுக்குத் திரும்பினார். ஊருக்குப் புறப்படத் தயாரானார். தாதா அப்துல்லா வழியனுப்பு விருந்து வைத்தார்.

அங்கே கிடந்த பத்திரிகை ஒன்றைக் காந்தி புரட்டினார். ஒரு மூலையில் சின்னச் செய்தி. நேட்டால் சட்டசபையில் இந்தியர்களுக்கு ஓட்டு உரிமை இல்லாமல் செய்யும் மசோதா வந்திருக்கிறது என்பது அச்செய்தி.

விருந்துக்கு வந்திருந்த வியாபாரிகளுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்களும் பெரிதாக நினைக்கவில்லை. இது நமக்குப் போடும் முதல் ஆணி என்று காந்தி விளக்கினார். அப்படியானால் நீங்கள் போகக் கூடாது என்று எல்லாரும் பிடித்துக் கொண்டார்கள். ஒரு மாதம் தங்கச் சம்மதித்தார்.

விருந்து அப்போதே ஆலோசனைக் கூட்டமாக மாறியது. மனு எழுதினார்கள். இரவெல்லாம் கண் விழித்துப் பிரதி எடுத்தார்கள். வியாபாரிகள் தங்கள் வண்டிகளில் ஊர் ஊராகப் போனார்கள். இரண்டு வாரத்தில் 10 ஆயிரம் பேர் கையெழுத்து வாங்கினார்கள். மனு லண்டனில் இருந்த குடியேற்ற நாட்டு மந்திரி ரிப்பன் பிரபுவுக்குப் போயிற்று. மசோதாவுக்கு லண்டன் சம்மதம் கொடுக்கவில்லை.

ஆனால் 1896-ல் வேறு சொற்களில் அதே சட்டம் வந்து விட்டது. போராட்டம் ஒரு மாதத்தில் முடிகிற போராட்டம் அல்ல என்று தெரிந்தது.

பொது வேலைக்குச் சம்பளம் வாங்க மாட்டேன் என்று காந்தி சொல்லி விட்டார். சாப்பாட்டுக்கு வழி? சுமார் 20 வியாபாரிகள் தங்கள் சட்ட வேலையை அவரிடம் ஒப்படைத்தார்கள். ஒரு வருடப் பீஸை முன்பணமாகக் கொடுத்தார்கள். மேஜை நாற்காலிகளைத் தாதா அப்துல்லா வாங்கிக் கொடுத்தார். டர்பனில் பாரிஸ்டர் காந்தியின் ஆபீஸ் தொடங்கியது.

கழற்றிய தலைப்பாகை

நேட்டால் சுப்ரீம் கோர்ட்டில் வக்கீலாகப் பதிவு செய்து கொள்ள மனுப் போட்டார். வெள்ளைக்கார வக்கீல்களின் சங்கம் எதிர்த்தது. கறுப்பு நிற மனிதர் ஒருவர் வக்கீலாக வருவார் என்று எண்ணி விதிகள் எழுதப்படவில்லை என்பது அவர்கள் வாதம்.

பிரதம நீதிபதி அதை ஏற்கவில்லை. சட்டத்தில் வெள்ளை, கறுப்பு என்ற பேதம் இல்லை என்று கூறி மனுவை அனுமதித்தார். 1894-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி காந்தி பதவிப் பிரமாணம் செய்தார்.

உடனே பிரதம நீதிபதி ஒன்று சொன்னார். வக்கீல்கள் இந்தக் கோர்ட்டின் உடை விதிக்குக் கட்டுப்பட வேண்டும்; தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்றார்.

இந்தத் தடவை காந்தி கழற்றி விட்டார்!

நண்பர்களுக்கு வருத்தம். மாஜிஸ்திரேட்டு சொன்ன போது மறுத்தவர், இப்போது ஏன் பணிந்தார் என்று கேட்டார்கள். அப்போது அவர் கோர்ட்டைப் பார்க்க வந்த மனிதர். இப்போது அந்தக் கோர்ட்டின் வக்கீல். தன்னுடைய தலைப்பாகைக்காகச் சண்டை போட்டுச் சக்தியை வீணாக்க அவர் விரும்பவில்லை. அதை விடப் பெரிய சண்டை காத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அந்தச் சண்டை சில மாதங்களில் அவர் ஆபீஸ் வாசலுக்கே வந்தது.

ரத்தம் வழிய வந்த தமிழர்

ஒரு நாள் ஒரு மனிதர் ஆபீசுக்குள் வந்தார். கிழிந்த துணி. உடம்பெல்லாம் நடுக்கம். முன் பற்கள் இரண்டு உடைந்திருந்தன. வாயிலிருந்து ரத்தம் வழிந்து கொண்டிருந்தது. தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக் கொண்டு நின்றார்.

அவர் தமிழர். பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலி. வெள்ளைக்கார எஜமான் அவரை அடித்துப் பற்களை உடைத்து விட்டான்.

காந்திக்குத் தமிழ் தெரியாது. அவருடைய குமாஸ்தா தமிழர். அவர் மூலம் விவரம் கேட்டார்.

ஒப்பந்தக் கூலி என்றால் என்ன? நேட்டாலில் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1860-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. அது முதல் ஆயிரக்கணக்கான ஏழைகள் போனார்கள். 5 வருடம் வேலை செய்வதாகக் கைநாட்டுப் போட வேண்டும். முதல் வருடம் மாதச் சம்பளம் 10 ஷில்லிங்.

மற்றத் தொழிலாளி வேலையை விட்டுப் போனால் எஜமான் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாம். அவ்வளவுதான். ஒப்பந்தக் கூலி போனாலோ, அது குற்றம்! பிடித்து ஜெயிலில் போடலாம். எஜமானுடைய சொத்துப் போலவே அவனை நடத்தினார்கள்.

காந்தி முதலில் பாலசுந்தரத்தை டாக்டரிடம் அனுப்பினார். காயத்துக்குச் சர்ட்டிபிகேட் வாங்கினார். நேரே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். மாஜிஸ்திரேட்டு வாக்குமூலத்தைப் படித்துக் கோபம் கொண்டார். எஜமானுக்குச் சம்மன் அனுப்பினார்.

எஜமானை ஜெயிலுக்கு அனுப்புவது காந்தியின் நோக்கம் அல்ல. பாலசுந்தரத்தை அவனிடமிருந்து மீட்க வேண்டும். அவ்வளவுதான். சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். வேறு எஜமானுக்கு ஒப்பந்தத்தை மாற்றிக் கொடுக்க வழி இருந்தது. எஜமானிடம் போய்ப் பேசினார். அவன் சம்மதித்தான். தமக்குத் தெரிந்த நல்ல வெள்ளைக்காரர் ஒருவரிடம் பாலசுந்தரத்தைச் சேர்த்தார்.

அன்று நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் முன்னால் போகும் போது கூலிகள் தலைத் துணியை எடுத்துக் கையில் வைத்துக் கொள்ள வேண்டும் என்பது அங்கே வழக்கம். தம் முன்னாலும் பாலசுந்தரம் அப்படி நிற்பதைப் பார்த்துக் காந்தி மனம் நொந்தார். துண்டைத் தலையில் கட்டிக் கொள்ளும்படி சொன்னார். பாலசுந்தரம் தயங்கினார். பிறகு கட்டிக் கொண்டார். அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது.

தன் தலைப்பாகையைக் கோர்ட்டில் கழற்றிய வக்கீல், ஓர் ஏழைத் தமிழரின் தலையில் துண்டை ஏற வைத்தார்.

இந்தச் செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. நமக்காகவும் ஒரு வக்கீல் இருக்கிறார் என்று கூலிகள் ஆபீசைத் தேடி வந்தார்கள். செய்தி கடல் தாண்டிச் சென்னைக்கும் வந்தது. 1896-ல் காந்தி சென்னைக்கு வந்து பச்சையப்பன் மண்டபத்தில் பேசினார். மக்கள் பெரும் உற்சாகத்தோடு வரவேற்றார்கள். அதற்குப் பாலசுந்தரத்தின் வழக்கே காரணம் என்று அவர் நினைத்தார்.

3 பவுன் வரி

1895-ல் நேட்டால் அரசாங்கம் இன்னொரு சட்டம் செய்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த கூலி ஊருக்குத் திரும்ப வேண்டும். அல்லது மறுபடியும் ஒப்பந்தம் செய்ய வேண்டும். சுதந்திர மனிதனாக அங்கேயே இருந்தால் தலைக்கு வருடம் 3 பவுன் வரி! மனைவிக்கும் வரி. 16 வயது தாண்டிய மகனுக்கும், 13 வயது தாண்டிய மகளுக்கும் வரி.

கணக்குப் பாருங்கள். புருஷன், மனைவி, இரண்டு பிள்ளைகள். வரி 12 பவுன். அந்தக் கூலியின் சம்பளம் மாதம் 14 ஷில்லிங்குக்கு மேல் இல்லை. 20 ஷில்லிங் ஒரு பவுன். வருடம் முழுவதும் உழைத்தாலும் 8 பவுன் 8 ஷில்லிங்தான். வருமானத்தை விட வரி அதிகம்!

மறுபடியும் கூலியாகப் போவதைத் தவிர வேறு வழி இல்லாமல் செய்வதே அந்தச் சட்டத்தின் நோக்கம். இந்த வரியை ஒழிப்பதென்று காந்தியும் மற்றவர்களும் உறுதி கொண்டார்கள். அதற்கு 19 வருடம் ஆயிற்று.

உண்மையால் ஜெயித்த வழக்கு

இதற்கிடையே காந்தியின் தொழில் வளர்ந்தது. பிறகு ஜோகன்னஸ்பர்க் நகரிலும் ஆபீஸ் வைத்தார். பொய் வழக்கை அவர் எடுப்பதில்லை. நடுவில் பொய் என்று தெரிந்தால் விட்டு விடுவார்.

ஒரு வியாபார வழக்கில் அவருடைய கட்சிக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பாகியிருந்தது. ஆனால் கணக்கில் ஒரு தவறு. பற்றில் வர வேண்டிய தொகை வரவில் ஏறியிருந்தது. எதிர்க் கட்சியார் அதைக் கவனிக்கவில்லை.

சீனியர் வக்கீல் அதைச் சொல்லக் கூடாது என்றார். சொன்னால் தீர்ப்பே ரத்தாகி விடும் என்று பயந்தார். ஜூனியரான காந்தி சொல்லியே தீர வேண்டும் என்றார். அப்படியானால் நான் வாதாட மாட்டேன் என்று சீனியர் ஒதுங்கி விட்டார். கட்சிக்காரர் காந்தியை நம்பினார். காந்தி நடுங்கிக் கொண்டே கோர்ட்டுக்குப் போனார். தவறை ஒப்புக் கொண்டார்.

நீதிபதிகள் முதலில் சந்தேகப்பட்டார்கள். கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அவருடைய நேர்மை மெல்ல விளங்கியது. கடைசியில் அந்தத் தொகையை மட்டும் திருத்தித் தீர்ப்பை அப்படியே வைத்தார்கள்.

இன்னொரு கட்சிக்காரர் பார்சி ருஸ்தம்ஜி. காந்திக்கு நெருங்கிய நண்பர். சுங்க வரி கட்டாமல் சரக்குகள் கொண்டு வந்து மாட்டிக் கொண்டார். அழுது கொண்டே ஓடி வந்தார். செய்ததை அதிகாரியிடம் ஒப்புக் கொள்ளுங்கள். ஜெயில் என்றாலும் தயாராக இருங்கள் என்று காந்தி சொன்னார். அப்படியே செய்தார். ஒப்புக் கொண்ட தொகையைப் போல் இரண்டு பங்கு அபராதத்துடன் விட்டார்கள். ருஸ்தம்ஜி நடந்தது முழுவதையும் எழுதிச் சட்டம் போட்டுத் தம் ஆபீசில் மாட்டி வைத்தார். தம் பிள்ளைகளுக்கும் மற்ற வியாபாரிகளுக்கும் பாடமாக இருக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

கூண்டில் நின்ற வக்கீல்

டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் ஒவ்வொருவரும் விரல் ரேகை வைத்துப் பதிவு செய்து கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. குற்றவாளிகளைப் போல நடத்தும் சட்டம் அது. பணிய மாட்டோம் என்று 1906-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி ஜோகன்னஸ்பர்க்கில் கூடிச் சபதம் செய்தார்கள்.

1908-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி காந்தி கோர்ட்டுக்குப் போனார். பல தடவை வக்கீலாக நின்ற அதே கோர்ட்டு. அன்று குற்றவாளிக் கூண்டில் நின்றார். மற்றவர்களை விடத் தமக்கு அதிகத் தண்டனை தரும்படி கேட்டார். இரண்டு மாத ஜெயில் கிடைத்தது. அவருடைய முதல் சிறைவாசம் அது.

அதன் பிறகு வக்கீல் தொழிலைப் படிப்படியாக விட்டு விட்டார்.

1913-ல் 3 பவுன் வரியை ஒழிக்கப் பெரும் போராட்டம் நடந்தது. தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளரிடம் பேசினார்கள். சுரங்கங்களில் வேலை நின்றது. நவம்பர் 6-ந் தேதி 2,037 ஆண்களும், 127 பெண்களும், 57 குழந்தைகளும் காந்தியின் பின்னால் எல்லையைத் தாண்டி நடந்தார்கள். காந்தியைக் கைது செய்தார்கள். ஜெயிலுக்குப் போன தில்லையாடி வள்ளியம்மை விடுதலையான சில நாட்களில் இறந்தாள். அப்போது அவளுக்கு வயது 16.

1914-ல் வரி ஒழிந்தது. பாலசுந்தரத்தின் ஜனங்களுக்காக எடுத்த வழக்கு ஜெயித்தது. அந்த ஆண்டு ஜூலை மாதம் காந்தி தென் ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார்.

அடித்த பெயர்

இந்தியாவில் நடந்தது எல்லோரும் அறிந்த கதை. 1922-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி ராஜத் துவேஷ வழக்கில் அவருக்கு 6 வருட ஜெயில் விதித்தார்கள். அதைக் காரணம் காட்டி அந்த ஆண்டு நவம்பர் மாதம் லண்டன் இன்னர் டெம்பிள், பாரிஸ்டர் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்து விட்டது.

குடும்பம் கடன்பட்டு, சாதி தள்ளி வைத்து, தாயாருக்குச் சத்தியம் செய்து கொடுத்து வாங்கிய பட்டம் போயிற்று. காந்தியடிகள் அதைத் திரும்பக் கேட்கவில்லை. 1948-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி அவர் சுடப்பட்டு இறந்த போது அவர் பாரிஸ்டர் அல்ல.

1988-ல் இன்னர் டெம்பிள் அவர் பெயரை மறுபடியும் பட்டியலில் சேர்த்துக் கொண்டது. அவர் இறந்து 40 வருடம் ஆகியிருந்தது.

முதல் வழக்கில் 30 ரூபாய்க்காக எழுந்து நின்ற போது அவருக்குப் பேச்சு வரவில்லை. அடிபட்ட ஓர் ஏழை, துண்டைக் கையில் பிடித்துக் கொண்டு வாசலில் வந்து நின்றார். அன்று முதல் அந்த வக்கீலின் பேச்சு நிற்கவே இல்லை.